ஒருவர் வரணும்

அவர் எழுதிய ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒரு வாசம் இருக்கும். தேதி, நேரம், என்ன மாற்றம், ஏன், சொன்னவர் யார், அதற்குக் கீழே ‘வாசம்’. மீனெண்ணெய். கடுக்காய். சுண்ணாம்பு. ஸ்பிரே பெயிண்ட். முதல் மழை. ஒருநாள், ‘யாரோ ஆரஞ்சு உரிக்கிறார்கள்’ என்றுகூட எழுதியிருந்தார்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் கணினிப் பிரிவுக்கு நான் நெடுங்காலம் தலைவனாக இருந்தேன். அவர் என்னிடம் பதினொரு வருடம் வேலை பார்த்தார். குடியாத்தத்தில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்குவார். வெளிர் நிறப் புடவை, முழங்கை வரை ரவிக்கை, தோளில் ஒரு துணிப்பை. தொழிலாளிகள் அவரை ‘வாசனை மேடம்’ என்பார்கள். பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. மறந்துவிட்டதால் அல்ல. அடுத்தவர் பெயரை நம் கையால் எழுதக் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு முறை அதை மீறினேன். இனி அவர் பெயரை என் கையால் எழுதுவதாக இல்லை.

எங்கள் அறை முதல் மாடியில், தோல்களைச் சுண்ணாம்பு நீரில் சுழற்றும் டிரம்களுக்கு நேர் மேலே. அங்கே ஆறு மாதம் வேலை செய்தால் மூக்கு செத்துவிடும். வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நமக்கு ஒன்றும் தெரியாது. என் மூக்கு எந்த வருடம் செத்தது என்று எனக்கே நினைவில்லை. அவர் மட்டும் சாகவிடவில்லை. இழுப்பறையில் ஒரு சின்னத் தகர டப்பாவில் காப்பிப்பொடி வைத்திருப்பார். பதிவு எழுதும் முன் டப்பாவைத் திறந்து இரண்டு முறை மோந்து பார்ப்பார். மூடுவார். எழுந்து போய்ச் சன்னலை நாலு விரல் அளவு திறந்து முகத்தை நீட்டுவார். வந்து உட்கார்ந்து ஒரே சொல் தட்டுவார்.

“எதுக்கும்மா இது?” என்று ஆரம்பத்தில் கேட்டேன்.

“கம்ப்யூட்டர் கடிகாரத்தை யார் வேணா மாத்தி வெக்கலாம் சார். வாசத்தை மாத்த முடியாது.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவர் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். தொழிற்சாலையை ஓட்டியவை சில நூறு நிரல்கள். தோல் வெட்டும் எந்திரத்துக்கு அளவு சொல்வது, டிரம் எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்று கணக்கிடுவது, கழிவுநீர்க் குழியில் விஷவாயு கூடினால் சைரனை அலற வைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல். அந்த நிரல்களின் மூலப் பிரதிகளெல்லாம் ஒரே பட்டியலில் இருந்தன. எந்த வரியை யார், என்றைக்கு, எதற்காக மாற்றினார்கள் என்பதை அந்தப் பட்டியல் மறக்காது. ஒரு பதிவை அழித்தால் அதற்குப் பின்னால் வந்த அத்தனையும் பொய்யென்று கூச்சல் போடும். அதைப் பராமரிக்கும் கருவிக்குப் படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. கட்டளையைத் தட்டித்தான் பேச வேண்டும். உலகம் முழுக்கப் பயன்படுத்தும் கருவிதான். அதன்மேல் அவர் தன் பங்குக்குச் சில கட்டளைகளை, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைத்து, எழுதிச் சேர்த்திருந்தார். ‘எடு’ என்றால் நிரல் வெளியே வரும். ‘வை’ என்றால் திருத்தியது உள்ளே போகும். ‘யார்’ என்றால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதற்குப் பொறுப்பானவர் பெயர் தெரியும்.

‘வந்தேன்’ என்று இன்னொன்று இருந்தது. யாராவது ஒரு மாற்றம் கேட்டால், அவரே மாடியேறி வந்து, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ‘வந்தேன்’ என்று தட்டி, தன் பெயரைத் தானே அடித்து, எண்டரையும் தானே அழுத்த வேண்டும். வராதவர்களுக்காக நிரல் காத்திருக்கும். தினமும் காலை ஒன்பதைந்துக்கு அச்சு எந்திரம் ஒரு துண்டுச் சீட்டைத் துப்பும்: ‘ஒருவர் வரணும்: 3.’ மூன்று நிரல்கள் ஆளுக்காகக் காத்திருக்கின்றன என்று பொருள். ஒரு நிரலின் வாசலில் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், முன்னால் நிற்கிற ஒருவரைத்தான் அது எண்ணும். அவர் எழுதிவிட்டுப் போனால்தான் அடுத்தது தெரியும். சீட்டைக் கிழித்து எடுத்துக்கொண்டு அவர் பிரிவு பிரிவாகப் போவார்.

கட்டிங் பிரிவின் சூப்பர்வைசர் கத்துவார். “யம்மா, ஆயிரம் ஜோடி ஷூ நிக்குது. அத்த வுட்டுட்டு உன் பொட்டியில பேர் அடிக்க நான் மாடி ஏறணுமா? நீயே போட்டுக்கயேன். என் பேர்தான? நான் இன்னா கேஸா போடப் போறேன்?”

“உங்க பேர் உங்களுது அண்ணா. நான் எப்படித் தொடறது?”

முதலாளியான ஹாஜியாரே ஒரு முறை வந்தார். கைத்தடியோடு படியேறி, மூச்சு வாங்கி, ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தன் பெயரை அடித்தார். “இன்னா பொண்ணு, ஹஜ்ஜுக்குப் போனப்பகூட என்னை இவ்ளோ பேஜார் பண்ணல” என்று சொல்லிச் சிரித்துவிட்டு எண்டரைத் தட்டினார். அன்றைய பதிவில் வாசம்: ‘ஏலக்காய்.’

இது வெறும் அலுவலக ஒழுங்கு இல்லை என்பது போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. ஓய்வு பெறுகிறவருக்கு வாழ்த்து அட்டை எழுதும்போதுகூட, லீவில் இருக்கும் ஒருவரின் பெயரை அவர் எழுத மாட்டார். அட்டையில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, “வந்தா போடுவாங்க” என்பார். ஒரு மாற்றத்தைக் கேட்டுவிட்டு வாணியம்பாடி கிளைக்கு மாறிப் போன ஸ்டோர் கீப்பரைத் தேடி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மடிக்கணினியோடு பஸ் ஏறிப் போனார். இன்னொருவர் வருவதற்கு முன்பே இறந்துபோனார். அந்த நிரல் நாற்பது நாள் காத்திருந்தது. நாற்பத்தோராவது நாள் அவர் தன் பெயரையே அடித்தார். காரணம் என்ற இடத்தில், ‘சொன்னவர் இனி வர மாட்டார். கேட்டவள் நான்’ என்று எழுதினார்.

“அவ்ளோ நாள் காத்திருக்கணுமாம்மா?” என்றேன்.

“காத்திருக்கிறது எழுத்துக்குக் கஷ்டமில்ல சார். ஆளுக்குத்தான் கஷ்டம்” என்றார்.

குழியில் பம்பு ஓட்டிய ஏழுமலைக்கு மட்டும் அவரிடம் பயமே கிடையாது. வாயு அளவுத் தாளை வாங்க மேலே வருவான். கதவுக்கு வெளியே நின்றுகொண்டே, “வாசனை மேடம், கண்ண மூடிக்கோங்க. வந்திருக்கறது யாரு?” என்பான்.

“நீ படியேறும்போதே தெரிஞ்சிடுச்சு. பீடி. காலையிலேர்ந்து நாலு.”

“அஞ்சு மேடம்! ஒன்னு கம்மியா சொல்லிட்டீங்க.”

“ஒன்னைப் பாதியில அணைச்சுக் காதுல சொருகியிருக்கே. அது கணக்குல வராது.”

அவன் காதைத் தடவிப் பார்த்து, திறந்த வாயோடு நிற்பான். அவன் போன பிறகு அவர் முனகுவார்: “ஏசி ரூம். இந்த பீடி நாத்தம் நாளன்னைக்கு வரைக்கும் போவாது.” எனக்கு ஒன்றும் தெரியாது. தலையை ஆட்டுவேன்.

ஒருநாள் அவனை உட்கார வைத்துச் சொன்னார். “அழுகின முட்டை நாத்தம் வந்தா பயப்படாத. அந்த நாத்தம் திடீர்னு நின்னுச்சின்னாதான் ஓடணும். அந்த வாயு மொதல்ல மூக்கைக் கொல்லும் ஏழுமலை. அப்புறம்தான் ஆளை.”

“அப்ப நம்ம சார் பாதி செத்துட்டாரா மேடம்?” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மூவரும் சிரித்தோம்.

அந்த வருடம் வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வருகிறவர் நேரில் பார்க்க வருவதாக இருந்தது. குழியின் சைரனோ அடிக்கடி அலறிக்கொண்டிருந்தது. ஒவ்வோர் அலறலுக்கும் பம்பு நின்று, டிரம் நின்று, ஆட்கள் வெளியே போக வேண்டும். ஒர்க்ஸ் மேனேஜர் என் அறைக்கு வந்தார். “அந்தாள் வர்ற அன்னிக்கு இது கத்துச்சின்னா காரை விட்டே எறங்க மாட்டான்பா. லிமிட்டைக் கொஞ்சம் ஏத்தி வை.”

மேனேஜர் போனதும் அவரிடம் சொன்னேன். “ஏத்தலாம் சார். யார் சொல்றாங்களோ அவங்க வந்து பேர் அடிக்கட்டும்” என்றார். மேனேஜரிடம் சொன்னேன். “என் பேரா? கம்ப்யூட்டர் உன் டிபார்ட்மென்ட்பா” என்றார். என் பெயரை அடிக்க எனக்கும் மனமில்லை. நான் பொறியியல் படித்தவன். அந்த எண் எதற்காக இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எல்லாரும் சாப்பிடவும் ஜும்மா தொழுகைக்கும் போன நேரம், அவர் திரையை மூடாமல் டிபன் பாக்ஸோடு கீழே போனார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ‘எடு.’ பத்து என்றிருந்த எண்ணை ஐம்பது ஆக்கினேன். ‘வை.’ ‘வந்தேன்.’ சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயரை அடித்தேன். வாசம் என்று கேட்டது. எனக்கு ஏது வாசம்? முந்தைய நாள் பதிவைப் பார்த்து ‘சுண்ணாம்பு’ என்று எழுதி, எண்டரைத் தட்டி, குழியின் கணினியிலும் ஏற்றிவிட்டேன். ஏற்றும் அதிகாரம் என்னுடையது. மூன்று நிமிட வேலை.

அவர் திரும்பி வந்தார். கதவருகிலேயே நின்றுவிட்டார். பிறகு டப்பாவைத் திறந்து மோந்தார், சன்னலைத் திறந்தார், திரையைப் பார்த்தார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் சுண்ணாம்பு டிரம் ஓடாது. முற்றத்தைக் கழுவி விட்டிருப்பார்கள். குளித்து, வெள்ளை உடுத்தி, தொழுகைக்குப் போகிறவர்கள் எங்கள் சன்னலுக்குக் கீழேதான் கூட்டமாகப் போவார்கள். பதினொரு வருடமாக அவருடைய வெள்ளி மதியப் பதிவுகள் எல்லாவற்றிலும் ஒரே சொல்தான்: ‘அத்தர்.’ அந்த ஊரில் இத்தனை காலம் இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

அவர் உட்கார்ந்தார். ஏதோ தட்டினார். மறுநாள் காலை ஒன்பதைந்துக்குச் சீட்டு வந்தது. நேரே என் அறைக்குக் கொண்டுவந்து, மேஜைமேல் பேப்பர் வெயிட்டுக்கு அடியில் வைத்தார். ‘ஒருவர் வரணும்: 1.’

“என்னம்மா?”

“ஒன்னுமில்ல சார். வரணும்.”

திங்கட்கிழமையும் வைத்தார். அதற்கடுத்த நாளும். நாலாம் நாள் கதவைச் சாத்திவிட்டு, தாழ்ந்த குரலில், “திருப்பிப் பத்துக்கே வெச்சிடட்டுமா சார்? குழி கம்ப்யூட்டர்ல நீங்க ஏத்துறேன்னு சொன்னா போதும்” என்றார்.

“அந்தாள் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பார்க்கலாம்” என்றேன். எதைப் பற்றிப் பேசுகிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்காததே போதுமான பதில்.

அன்றிலிருந்து அவர் மதிய உணவைக் குழிக்குப் பக்கத்திலேயே சாப்பிட ஆரம்பித்தார். கையில் டப்பா. பம்பு அடைத்துக்கொண்டால் ஏழுமலை அவரைக் கூப்பிடுவான். அவர் வந்து விளிம்பில் குனிந்து மோந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். அதற்குப் பிறகுதான் இறங்குவான். “சைரன் கத்தலன்னு எறங்கிடாத. என்னைக் கூப்பிடு” என்று சொல்லி வைத்திருந்தார். “மேடத்துக்கு நம்ம குழிமேல லவ் ஆயிடுச்சு சார்” என்று அவன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். பிரிவுகளில் மற்றவர்களும் சிரித்தார்கள். ஒரு நிரல் செய்ய வேண்டிய வேலையை ஒரு பெண் காப்பிப்பொடியை வைத்துக்கொண்டு செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

வெளிநாட்டவர் வரும் நாளில் என் மேஜைமேல் அந்தச் சீட்டு வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் அவரை அன்று ஒரு நாள் மட்டும் ராணிப்பேட்டைக் கிளைக்கு அனுப்பினேன். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. போகும் முன் என் வாசலில் நின்றார். “இன்னிக்கே போகணுமா சார்?” “இன்னிக்கே.”

பதினொரு மணிக்கு ஏழுமலை மேலே வந்தான். அறையில் நான் தனியாக இருந்தேன்.

“மேடம் இல்லியா சார்?”

“ராணிப்பேட்டை போயிருக்காங்க. என்ன விஷயம்?”

“பம்பு அடச்சிக்கிச்சு. மேடம் மோந்து பாத்துட்டுத்தான் எறங்கணும்னு சொல்லியிருக்காங்க.”

“சைரன் கத்துச்சா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன? இறங்கு. அந்தாள் வர்ற நேரம்.”

“நாத்தம்கூட இல்ல சார் இன்னிக்கு. காலையில இருந்துச்சு” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். காதில் பாதி பீடி இருந்தது. படியிறங்கிப் போனான்.

அந்தப் பேச்சைக் கேட்டவர் யாரும் இல்லை. அவனை மூச்சில்லாமல் மேலே தூக்கிக் கிடத்தியபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. வெளிநாட்டவர் வேறு நாளில் வந்தார்.

நிர்வாகத்தின் உள்விசாரணை ஒரு வாரத்தில் நடந்தது. மேஜைக்கு ஒரு பக்கம் மூன்று பேர், அதில் நான் ஒருவன். எதிரில் அவர். ‘யார்’ என்று தட்டினால் அந்த வரிக்குப் பக்கத்தில் அவர் பெயர்தான் வந்தது.

“இது உங்க பேர்தான?”

“என் பேர்தான். என் கை இல்ல.”

“அப்போ யார் கை?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன் என்று பல வருடம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

“அடுத்தவங்க பேரை நான் சொல்ல முடியாது சார். அவங்க வருவாங்க.”

“இது விளையாட்டு இல்லம்மா. உங்க வேலையே போயிடும்.”

“தெரியும் சார்.”

வேலையை விட்டு நீக்கும் கடிதத்தைத் தட்டியதும் நான், கையெழுத்துப் போட்டதும் நான். அன்றைக்கு என் பெயரைப் போட எனக்குக் கூச்சமே இருக்கவில்லை. வாங்கிக்கொண்டு, துணிப்பையிலிருந்து காப்பிப்பொடி டப்பாவை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். “உங்களுக்கு வேணும் சார்” என்றார். அவ்வளவுதான். அவரை நான் பிறகு பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பதைந்துக்கு அவருடைய காலி மேஜையில் சீட்டு வந்தது. அதற்கு மறுநாளும். நிறுத்தப் பார்த்தார்கள்; பட்டியல் கூச்சல் போட்டது. அச்சு எந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினார்கள். இரண்டு நாள் அமைதியாக இருந்தது. மூன்றாம் நாள் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவர் கையில் ஒரு ஸ்டிக்கரோடு ஓடி வந்தார். ஒரு எந்திரம் இல்லையென்றால் பக்கத்து எந்திரத்துக்கு அனுப்பும்படி அவர் நிரலில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஷூ பெட்டிக்கு லேபிள் அடிக்கும் எந்திரம் அதை அச்சடித்திருந்தது. “சார், இது இன்னா, யார் வரணும்?” ஆயுத பூஜைக்கு அந்த எந்திரத்துக்கு மட்டும் பெரிய எலுமிச்சம்பழமாகப் பார்த்துக் கட்டினார்கள். ஒன்பதைந்துக்கு அதன் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். அந்த லேபிள்களில் ஒன்று எப்படியோ ஒரு பெட்டியில் ஒட்டி, கப்பலேறி, எங்கோ குளிர்நாட்டில் ஒரு கடையைச் சேர்ந்திருக்கிறது. வாங்கியவர்கள் படம் எடுத்து அனுப்பி, இதன் பொருள் என்ன என்று கேட்டிருந்தார்கள். பதில் எழுதச் சொல்லி என்னிடம்தான் வந்தது. ‘சோதனை லேபிள். பொருட்படுத்த வேண்டாம்’ என்று எழுதினேன்.

நான் ஓய்வு பெறும் நாள்வரை அது நிற்கவில்லை. வேலூரில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும், ஒன்பதைந்து ஆனால் கை தானாகப் பேப்பர் வெயிட்டைத் தேடும். ஞாயிறுதோறும் ஆலயத்தில் பாவ அறிக்கை சொல்வேன். எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது யார் குரலும் தனியாகக் கேட்பதில்லை. அதனால் அது சுலபம். போன லெந்து நோன்புக் காலத்தில், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது, அவர் குடியாத்தத்தில் காலமாகிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். சொல்லி முடிக்கும்போதே அந்த நாற்பது நாள் எனக்கு ஞாபகம் வந்தது. ‘சொன்னவர் இனி வர மாட்டார்.’ இங்கே வராமல் போனவர் சொன்னவர் அல்ல, கேட்டவர்.

சென்ற மாதம் தொழிற்சாலையிலிருந்து தொலைபேசி. சென்னைப் பொறியாளர் ஒருவர், பெண். “சார், பழைய கேட்டலாகை மூடிட்டு புதுசுக்கு மாறுறோம். எல்லாம் வந்துடுச்சு, ஒரே ஒரு ஃபைல் மட்டும் வர மாட்டேங்குது. ஒருத்தர் வரணும்னே சொல்லிட்டிருக்கு. யாருன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “நாளைக்கு வர்றேன்மா” என்றேன்.

அறை அதே இடம்தான். கீழே டிரம் யார்டை இப்போது கிடங்காக்கிவிட்டார்கள். கையோடு அந்த டப்பாவைக் கொண்டுபோயிருந்தேன். திறந்து மோந்தேன், ஒன்றுமில்லை. உட்கார்ந்தேன். ‘வந்தேன்’ என்று தட்டினேன். பன்னிரண்டு வருடம் காத்திருந்த பதிவு ஒரு நொடியில் திறந்தது.

‘வெள்ளி மதியம். அத்தர் வாசம். சுண்ணாம்பு இல்லை. இது என் கை அல்ல. மாற்றியவர்:’

என் பெயரை அடித்தேன். முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு. எண்டர்.

“ஆயிடுச்சா சார்?” என்று பின்னாலிருந்து அந்தப் பொறியாளர் கேட்டார். திரையில் இன்னும் ‘ஒருவர் வரணும்: 1’ என்றே இருந்தது. “அதே ஃபைல்தான் சார். பின்னாடி இன்னொன்னு நிக்குது போல” என்றார்.

மறுபடி ‘வந்தேன்’ என்று தட்டினேன். ராணிப்பேட்டையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, வந்ததும் வராததுமாக, விசாரணைக்கெல்லாம் முன்பே அவர் வைத்துவிட்டுப் போன பதிவு.

‘காலை 8.50. நேற்று நான் இங்கே இல்லை. அறைக்குள் பீடி வாசம். இறங்கச் சொன்னவர்:’

பெயருக்கான இடத்தில் துடிக்கும் அந்தச் சின்னக் கோடு நின்று நின்று எரிந்தது. அப்படியானால் அந்த மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தபோதே அவருக்கு இரண்டும் தெரியும்.

“சார், தண்ணி வேணுமா?” என்றார் பொறியாளர்.

“இந்த ரூம்ல ஏதாவது வாசம் வருதாம்மா?”

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “இல்லியே சார்.”

பெயரை அடித்தேன். காரணம் கேட்டது. ‘சைரன் கத்தவில்லை என்றான். இறங்கு என்றேன்’ என்று எழுதினேன். எண்டரைத் தட்டியதும் எண் பூஜ்யம் ஆனது. புதிய எந்திரம் கோப்பை இழுத்துக்கொண்டது. பொறியாளர் கைதட்டினார். அவருக்கு அது ஒரு தொல்லை தீர்ந்த விஷயம்.

அந்த இரண்டு பதிவுகளையும் அச்சடித்து வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு பிரதியை நான் எழுதிய கடிதத்தோடு நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டேன். இன்னொன்று என் மேஜையில், உறைக்குள் இருக்கிறது. ஏழுமலையின் மனைவி பச்சக்குப்பத்தில் இருக்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் நர்ஸிங் படித்தவள். தபாலில் அனுப்பினால் தாய்க்கு வாசித்துக் காட்டிவிடுவாள். தபால் தலைகூட வாங்கி ஒட்டினேன்.

இன்று காலை அதை உரித்து எடுத்துவிட்டேன். ஆம்பூர் பஸ் எட்டரைக்கு. ஒன்பதைந்துக்கு நான் பாதி வழியில் இருப்பேன். அந்த வீட்டு வாசலில் நின்று, என் பெயரை என் வாயால் சொல்லி, நானே வாசித்துக் காட்ட வேண்டும்.